அம்மா என்னைச் சோதனை போட்ட நாள்

என் அம்மாவின் வேலை, முன்பின் தெரியாத பெண்களைத் தடவிப் பார்ப்பது. இப்படிச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன. பெரிய கடை, சினிமா அரங்கம், தொழிற்சாலை வாசல், பரீட்சை மையம் என்று கூட்டம் உள்ளே போகிற இடங்களிலெல்லாம் ஆண்களுக்கு ஒரு வரிசையும் பெண்களுக்கு ஒரு வரிசையும் இருக்கும். பெண்கள் வரிசை போய் முடிகிற இடத்தில் நான்கு இரும்புக் குழாய்களை நிறுத்தி, சுற்றி நீலத் திரை கட்டியிருப்பார்கள். அதற்குள் மட்டை மாதிரி ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு நிற்பவள்தான் என் அம்மா. ஊக்கோ சாவியோ பட்டால் அந்தக் கருவி கீச்சென்று கத்தும். அதனால் அவளுக்குக் 'கீச்சு அக்கா' என்று பெயர்.

அந்தக் கூண்டு நாலடிக்கு நாலடி. நாற்காலி போட்டால் ஆள் நிற்க இடமிருக்காது என்பதால் நாற்காலி கிடையாது. ஒரு வேளைக்கு எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். மாற்றாள் வந்தால்தான் பாத்ரூம். மாற்றாள் வரமாட்டாள், அது வேறு கதை. ஒருத்தி உள்ளே வருவாள், கையை விரிப்பாள், அம்மா அவள் தோளிலிருந்து கணுக்கால் வரை தடவிப் பார்த்துவிட்டு, "சரிம்மா, போ. அடுத்த ஆள் வாங்க" என்பாள். ஆளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்துக்குள் யார் சாப்பிடாமல் வந்திருக்கிறாள், யாருக்கு இடுப்பு வலி, யார் வீட்டில் அடி வாங்கியிருக்கிறாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும்.

கூண்டு, குழாய், திரை எல்லாம் அம்மாவை வேலைக்கு அனுப்புகிற ஏஜென்சியுடையவை. ஆனால் திரையைத் துவைக்க வேண்டும் என்று ஏஜென்சியில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. வியர்வை பிடித்த கைகள் பட்டுப் பட்டு அது நாறும். அம்மாதான் வாராவாரம் அதைச் சுருட்டிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, எங்கள் சோப்பைப் போட்டுத் துவைத்து, எங்கள் அறைக்குள் குறுக்கே கட்டிய கொடியில் காயப்போடுவாள்.

அறை என்று சொன்னேன் அல்லவா, வீடே அதுதான். ஒரே அறை. அப்பா, சித்தப்பா, அம்மா, நான். குளியலறையும் கழிவறையும் நடையின் கோடியில், மூன்று குடும்பத்துக்கும் பொது. அப்பாவும் சித்தப்பாவும் லிஃப்ட் மெக்கானிக்குகள். எந்தக் கட்டடத்தில் யார் நடுமாடியில் மாட்டிக்கொண்டாலும் இவர்களைத்தான் கூப்பிடுவார்கள். "மாட்டிக்கிட்டவங்க முதல்ல கத்துவாங்க, அப்புறம் அழுவாங்க, அதுக்கப்புறம் சும்மா உட்கார்ந்துடுவாங்க. நாம கதவைத் திறக்கிற நேரத்துக்கு அநேகமா எல்லாரும் உட்கார்ந்துதான் இருப்பாங்க" என்று அப்பா சொல்வார். ஊரில் உள்ள அத்தனை பேரையும் வெளியே இழுத்துவிட்டவர், பெற்ற மகள் பக்கத்துப் பாயில் மாசாமாசம் மாட்டிக்கொண்டு கிடந்ததை மட்டும் கண்டுபிடிக்கவில்லை.

எனக்குப் பதின்மூன்று வயதில் பீரியட்ஸ் வந்தது. அம்மா ஒரு பாக்கெட்டைச் செய்தித்தாளில் சுற்றி என் கையில் திணித்தாள். "இதை வெச்சுக்கோ. ஆம்பளைங்க கண்ணுல படாம பார்த்துக்கோ" என்றாள். அவ்வளவுதான். எதை எப்படி வைப்பது, எத்தனை மணி நேரம் வைப்பது, ஏன் வருகிறது, எப்போது நிற்கும், ஒன்றும் இல்லை. செத்துப்போகப் போகிறேன் என்றே நினைத்தேன். உறையின் பின்னால் அச்சடித்திருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன்.

முதல் நாள் வலி என்றால் சாதாரண வலி இல்லை. அடிவயிற்றைத் துணி பிழிவது மாதிரி யாரோ பிழிவார்கள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் இருக்கத் தலையணையைக் கடித்துக்கொள்வேன். "என்னவாம் இவளுக்கு?" என்று அப்பா கேட்பார். "வயித்து வலியாம்" என்று அம்மா சொல்வாள். அப்பா பாவம், நல்ல மனுஷன், உடனே சட்டையை மாட்டிக்கொண்டு போய் ஜீரண மருந்து வாங்கி வருவார். பச்சை நிறத்தில், ஓம வாசனையோடு. நாலு வருஷம் மாசாமாசம் அதைக் குடித்தேன். ஊரிலேயே எனக்கு ஜீரணம் ஆன மாதிரி யாருக்கும் ஆகியிருக்காது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அம்மாவோடு வேலை பார்க்கும் குண்டு அக்கா ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"உங்கம்மா இருக்காளே, கூண்டுக்குள்ள வர்ற சின்னப் பொண்ணுங்களுக்கு எவ்வளவு சொல்லித் தருவா தெரியுமா? ஒருத்தி கையைத் தூக்கச் சொன்னா ஒரு கையை வயித்துலயே வெச்சிருந்தா. 'கண்ணு, இன்னிக்கு முதல் நாளா?'ன்னு கேட்டு, என்ன செய்யணும் ஏது செய்யணும்னு சொன்னா பாரு, டாக்டரே தோத்துடுவாங்க! பின்னாடி வரிசையில சத்தம் போடறாங்க, இவ விட்டாதானே" என்றாள் குண்டு அக்கா.

அம்மா எழுந்து போய்ப் பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. ஊரான் பெண்களெல்லாம் கண்ணு, நான் மட்டும் 'ஏய்'. அவளுடைய வாய் அந்த நாலடிக் கூண்டுக்குள் மட்டும்தான் திறக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன். நினைத்தது சரிதான். ஆண்கள் காலெடுத்து வைக்க முடியாத இடம் என்று அவளுக்கு உலகத்தில் இருந்தது அந்தக் கூண்டு ஒன்றுதான். ஆனால் அந்த வயதில் எனக்கு அதெல்லாம் புரியவில்லை. ஒரு மாதம் அவளோடு சரியாகப் பேசவே இல்லை.

பதினேழு வயதில் செவிலியர் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதினேன். "ஒரே ஒரு தடவைதான். கிடைச்சா படி. இல்லேன்னா அடுத்த வாரமே வேலைக்குப் போ" என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சித்தப்பா ஒரு துணிக்கடையில் எனக்கு வேலைக்குப் பேசியே வைத்துவிட்டார். அந்தக் கடையில் விற்கிற பெண்கள் காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும், உட்கார்ந்தால் வேலை போகும். அம்மாவுக்காவது நாலடியில் ஒரு திரை இருந்தது. எனக்கு அதுவும் இருக்காது. இந்தப் பரீட்சை போனால் என் ஆயுசு அந்தக் கடையோடு சரி என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பரீட்சை வேலைக்குப் போகிறவர்களிடம் ஏஜென்சி முந்தின நாளே ஒரு தாளில் கையெழுத்து வாங்கும். 'என் உறவினர் எவரும் இந்த மையத்தில் தேர்வு எழுதவில்லை' என்று அதில் அச்சடித்திருக்கும். மையத்தின் பெயரை எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கும். பிறகு நிரப்பிக்கொள்கிறோம் என்பார்கள். பத்து வருஷமாக எல்லாரும் அப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். அம்மாவும் போட்டாள். அவளை அனுப்பப் போவதாகச் சொன்னது எங்கேயோ ஊர் மறுகோடியில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு. முந்தின நாள் சாயங்காலம் திரையைத் துவைத்துக் கொடியில் போட்டாள். விடிகிற நேரத்தில் அது பாதி ஈரத்தோடு இருக்கும்போதே மடித்து எடுத்துக்கொண்டு ஏஜென்சி வேனில் ஏறிப் போய்விட்டாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் எனக்கு வந்துவிட்டது. நான்கு நாள் கழித்து வர வேண்டியது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு பேடை வைத்துக்கொண்டு, இன்னொன்றைப் பேன்ட் பையில் செருகினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பியவளைப் பார்த்து அப்பா, "பரீட்சை பயம், வயித்தைக் கலக்குது. போயிட்டு வா, சாயங்காலம் மருந்து வாங்கிட்டு வரேன்" என்றார். கொலைவெறி வந்தது. பஸ் ஏறினேன்.

மையத்து வாசலில் பெண்கள் வரிசை தெரு முனை வரை நின்றது. ஒன்றரை மணி நேரம் நகர்ந்து நகர்ந்து போனேன். எனக்கு முன்னால் ஐந்து பேர் இருக்கும்போது திரைக்குள்ளிருந்து குரல் கேட்டது.

"சரிம்மா, போ. அடுத்த ஆள் வாங்க."

அம்மாவின் குரல். திரையைப் பார்த்தேன். எங்கள் திரை. மூலையில் நான் போட்ட தையல். எந்தப் பெண்ணோ வராமல் போனதால் கடைசி நிமிடத்தில் ஆளை மாற்றியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. காலியாக இருந்த இடத்தில் என் மையத்தின் பெயரை எழுதியாயிற்று. கீழே அம்மாவின் கையெழுத்து. இப்போது அவள் வாயைத் திறந்து "சார், என் மக" என்றால் பொய்க் கையெழுத்துப் போட்டவள் ஆவாள். என் ஹால் டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டு விசாரணை என்று உட்கார வைத்துவிடுவார்கள். வரிசையை விட்டு ஓடினாலும் பரீட்சை போச்சு. பின்னாலிருந்தவள் தள்ளினாள். உள்ளே போனேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். முகம் பேயறைந்த மாதிரி ஆனது ஒரு நொடிதான். திரைக்கு வெளியே இரண்டடி தள்ளி மையத்தின் கண்காணிப்பாளர் நின்றுகொண்டிருந்தார். அவருடைய ஷூ திரைக்கு அடியில் தெரிந்தது. "கையை விரிங்க" என்றாள் அம்மா. விரித்தேன். எனக்கு நினைவு தெரிந்து அம்மா என்னை அவ்வளவு நேரம் தொட்டதே இல்லை. தோள், முதுகு, விலா, இடுப்பு.  பேன்ட் பையில் கை வைத்ததும் நின்றாள்.

போன வருஷம் எவளோ ஒரு புண்ணியவதி நாப்கின் உறைக்குள் பிட்டு மடித்து எடுத்துப்போய் மாட்டிக்கொண்டாள். அதிலிருந்து ஒரு புது உத்தரவு: உறையிட்ட எதுவும் உள்ளே போகக் கூடாது. தேவைப்பட்டால் மையத்தின் முதலுதவிப் பெட்டியில் கொடுப்பார்கள் என்று அந்த உத்தரவில் எழுதியிருக்கும்.

"அங்க என்ன, இவ்வளவு நேரம்?" என்றார் கண்காணிப்பாளர்.

அம்மா பேடை எடுத்துக் கீழே இருந்த பிளாஸ்டிக் தொட்டியில் போட்டாள். ஏற்கெனவே அதில் ஹேர்பின்னும் கடிகாரமுமாகக் கிடந்தன. "இது உள்ள போகக் கூடாதும்மா. போங்க. அடுத்த ஆள் வாங்க" என்று சத்தமாகச் சொன்னாள். பெற்ற தாயா இவள் என்று மனசுக்குள் கத்திக்கொண்டே வெளியே வந்தேன்.

நூற்றெண்பது கேள்வி, மூன்று மணி நேரம். ஜன்னலோரம் கடைசி பெஞ்சு எனக்கு. முதல் ஒரு மணி நேரம் யாரும் எழுந்திருக்கக் கூடாது. ஐம்பதாவது கேள்விக்கு வந்தபோது வலி முழுசாக வந்துவிட்டது. அறுபதாவது கேள்வியில் கீழே ஈரம் பரவுவது தெரிந்தது. காலை இறுக்கிக்கொண்டேன். எழுந்தால் எல்லாரும் பார்ப்பார்கள், உட்கார்ந்திருந்தால் பெஞ்சு முழுக்கக் கறையாகும். அப்பா சொல்கிற மாதிரியே மனசுக்குள் முதலில் கத்தினேன், அப்புறம் அழுதேன், அப்புறம் சும்மா உட்கார்ந்துவிட்டேன். எழுபத்தோராம் கேள்வியை எட்டுத் தடவை படித்தேன், ஒரு எழுத்தும் மண்டையில் ஏறவில்லை. துணிக்கடைதான் கதி என்று முடிவே கட்டிவிட்டேன்.

அறையில் கண்காணிப்புக்கு இருந்தவர் தடித்த கண்ணாடி போட்ட ஒரு டீச்சர். பக்கத்தில் வந்து நின்று, என் முகத்தைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். "கையைத் தூக்கு. நீ வெளியே போற காரணத்தை நான் எழுதிக்கிறேன். தூக்கும்மா" என்று காதருகில் சொன்னார். தூக்கினேன். பாத்ரூம் போகிற பெண்ணைச் சோதனைக்காரப் பெண்தான் கூட்டிப்போய், திரும்ப வரும்போது மறுபடியும் சோதனை போட்டு அனுப்ப வேண்டும். அதனால் அம்மாவைக் கூப்பிட்டார்கள்.

நடையில் மூன்று பேரும் போனோம். முன்னால் டீச்சர், பின்னால் நான், எனக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, என்னை மறைத்துக்கொண்டு அம்மா. முதலுதவிப் பெட்டி பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. பெட்டியின் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே தெரிந்தது ஒரு கட்டுத்துணிச் சுருளும் தீக்காய மருந்தும்தான்.

"டீச்சர், நீங்க இங்கயே பாத்ரூம் வாசல்ல நில்லுங்க. ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அம்மா ஓடினாள். அவளுடைய கனத்த ஷூ தடதடவென்று போய், தடதடவென்று திரும்பி வந்தது. நான் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

"கண்ணு, கதவு இடுக்குல கையை நீட்டு."

நீட்டினேன். மடித்த நீலத் துணி, நான்கு மடிப்பு, கனமாக. எங்கள் சோப்பு வாசனை அடித்தது. திரையைக் கிழித்திருந்தாள்.

"சுத்தமான துணிதான், நேத்துதான் துவைச்சது. பயப்படாம வை." டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதால் யாரோ ஒரு பெண்ணிடம் பேசுகிற குரல். "எத்தனை வயசு உனக்கு?"

என் வயதை என் அம்மா கேட்டாள். "பதினேழு, அக்கா" என்றேன். என் அம்மாவை அக்கா என்றேன்.

"இன்னிக்கு முதல் நாளா?"

"ஆமா."

"எப்பவும் இப்படித்தான் வலிக்குமா?"

"எப்பவும்தான். நாலு வருஷமா."

"வீட்ல சொல்லலையா?"

எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ. "யாரும் கேட்கலை, அக்கா" என்றேன்.

 குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. போய்விட்டாளோ என்று நினைத்தேன். பிறகு அம்மா பேச ஆரம்பித்தாள். வேக வேகமாக, பின்னால் வரிசை நிற்கிற மாதிரி.

"கேளு கண்ணு. இது அழுக்கு கிடையாது, நீ செஞ்ச தப்பும் கிடையாது. நாலு மணி நேரம், மிஞ்சிப்போனா ஆறு மணி நேரம், அதுக்கு மேல ஒண்ணையே வெச்சிருக்காதே. மாத்தும்போதெல்லாம் தண்ணியில கழுவிக்கோ, கையைச் சோப்பு போட்டுக் கழுவு. துணி வெச்சா நல்லா துவைச்சு வெயில்ல காயப்போடு. ஒளிச்சு ஒளிச்சு மூலையில போட்டா காயாது, அதுதான் உடம்புக்குக் கெடுதல். வந்த தேதியைக் காலண்டர்ல ஒரு புள்ளி வெச்சுக்கோ. இன்னிக்கு மாதிரி முன்னப்பின்ன வரும், சின்ன வயசுல அது சகஜம், அதனால பையில எப்பவும் ஒண்ணு கிடக்கட்டும். வலிச்சா வெந்நீர் பையை அடிவயித்துல வை, இல்லேன்னா பாட்டில்ல வெந்நீர் ஊத்தித் துணி சுத்தி வை. கொஞ்சம் நட. பட்டினி கிடக்காதே. மாத்திரை போட்டா சாப்பிட்டுட்டுப் போடு, டாக்டர் சொன்னதை மட்டும் போடு. மணிக்கொரு தடவை நனைஞ்சு போச்சுன்னா டாக்டர்கிட்ட ஓடு. இப்போ உள்ள போனதும் காலை ஒண்ணு மேல ஒண்ணு போடாதே, முன்னாடி கொஞ்சம் சாஞ்சுக்கோ, மூச்சை இழுத்து மெதுவா விடு. தெரிஞ்ச கேள்வியை முதல்ல எழுது."

"சரி, அக்கா."

"தலையணையைக் கடிச்சுக்கிட்டுப் படுக்கிற அளவுக்கு வலியைத் தாங்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல, கண்ணு. டாக்டரம்மாகிட்ட போகணும். போயே ஆகணும்."

தலையணை விஷயத்தை நான் சொல்லவே இல்லை.

அப்படியானால் நாலு வருஷமும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இருட்டில், ஒரு கை தள்ளி, இரண்டு ஆண்கள் படுத்திருந்த அறையில், என்ன சொல்வதென்று தெரியாமல் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்திருக்கிறாள். கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதேன். அந்தப் பக்கம் அவளும் மூக்கை உறிஞ்சினாள். டீச்சர் "நேரம் போகுதும்மா" என்றார். வெளியே வந்து, கையை விரித்து நின்று, மறுபடியும் சோதனை போட்டுக்கொண்டு, அறைக்குப் போனேன். பேன்ட் கருநீலம் என்பதால் கறை தெரியவில்லை. எழுபத்தோராம் கேள்வியைத் தாண்டி எழுபத்திரண்டில் ஆரம்பித்தேன்.

மணி அடித்து வெளியே வந்தபோது கூண்டின் முன்னால் கண்காணிப்பாளர் கத்திக்கொண்டிருந்தார். திரையின் அடிப்பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஒரு பெரிய ஓட்டை.

"யாரைக் கேட்டு இதைக் கிழிச்சே? யார் அந்தப் பொண்ணு உனக்கு? சொந்தமா?"

நான் நின்றுவிட்டேன். பத்தடிதான் தூரம். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரோ ஒரு பொண்ணு சார். எந்தப் பொண்ணா இருந்தாலும் கிழிச்சிருப்பேன்."

"ரிப்போர்ட் எழுதப் போறேன்" என்றார் அவர்.

"எழுதுங்க சார்" என்று பின்னாலிருந்து கண்ணாடி டீச்சர் சொன்னார். "முதலுதவிப் பெட்டிச் சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு முதல் வரியில எழுதுங்க. நானும் கையெழுத்துப் போடறேன்."

அவர் முகம் சுருங்கிப் போனது. நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். பஸ்ஸில் வரும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். 'யாரோ ஒரு பொண்ணு' என்று அவள் சொன்னது வலித்தது. எந்தப் பெண்ணாக இருந்தாலும் செய்திருப்பாள் என்பது உண்மை என்று தெரிந்ததால், அந்த வலியோடு ஒரு பெருமையும் வந்து தொலைத்தது.

முடிவு ஒன்றரை மாதம் கழித்து வந்தது. முதல் பட்டியலில் என் பெயர் இல்லை. இரண்டாவது பட்டியலில் கடைசியிலிருந்து மூன்றாவது. இன்றைக்கு மருத்துவமனையில் மகளிர் வார்டில் வேலை பார்க்கிறேன். அம்மாவை அதற்குப் பிறகு பரீட்சை வேலைக்குக் கூப்பிடவே இல்லை. மறுபடியும் தொழிற்சாலை வாசலுக்கே அனுப்பிவிட்டார்கள். அந்தக் கையெழுத்து விஷயம் வெளியே வந்திருந்தால் இரண்டு பேரும் தொலைந்திருப்போம், அது தப்புத்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அன்று சாயங்காலத்தை.

அம்மா ஐந்து மணிக்கு வந்தாள். அப்பாவும் சித்தப்பாவும் இன்னும் வரவில்லை. பையிலிருந்து கிழிந்த திரையை எடுத்துத் துவைத்தாள், கொடியில் போட்டாள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"எப்படி எழுதினே?"

"எழுதினேன்."

அவ்வளவுதான். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள். மறுபடியும் பழைய அம்மா, பழைய அறை. காலையில் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அத்தனையும் சொன்னவள் எங்கே போனாள் என்று எனக்குத் தாங்கவில்லை. இப்போது விட்டால் இனி எப்போதும் கிடைக்காது என்று பயமாகவும் இருந்தது. எழுந்துபோய்க் கொடிக்கு அந்தப் பக்கம், ஈரத் திரைக்குப் பின்னால் நின்று, கையை விரித்தேன்.

"அக்கா, அடுத்த ஆள் வந்தாச்சு."

கரண்டிச் சத்தம் நின்றது. ஓட்டை வழியாக அவள் பாதங்கள் தெரிந்தன. மெதுவாக வந்து திரைக்கு அந்தப் பக்கம் நின்றன.

"கையை இறக்குடி, வலிக்கும்" என்றாள்.  "எனக்கு யாரும் சொல்லித் தரல. ஊர்ப் பொண்ணுங்ககிட்ட சொல்லும்போது வெட்கம் வரல. உன் முகத்தைப் பார்த்தா வாய் வரமாட்டேங்குது. என்ன செய்ய, நான் அப்படி வளர்ந்துட்டேன், கண்ணு."

"முகத்தைப் பார்க்க வேணாம். அப்படியே நின்னு சொல்லு" என்றேன்.

சொன்னாள். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் வந்தபோது வகுப்பில் பெஞ்சை விட்டு எழுந்திருக்க முடியாமல் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகாமல் நின்றுவிட்டதைச் சொன்னாள். பெஞ்சைத் துடைத்தது யார் என்று இன்றுவரை தெரியாதாம், அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுமாம். நானும் கேட்டேன், நாலு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த கேள்வி எல்லாவற்றையும். திரையிலிருந்து தண்ணீர் இரண்டு பேர் காலிலும் சொட்டியது.

கதவு திறந்தது. அப்பாவும் அவருக்குப் பின்னால் சித்தப்பாவும். அப்பாவின் கையில் பச்சை மருந்து பாட்டில்.

"என்ன நடக்குது இங்க? திரைக்கு ரெண்டு பக்கமும் நின்னுக்கிட்டு?"

அம்மா வாயைப் பொத்திக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் திரையை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு அவர்கள் எதிரே வந்து நின்றாள். கூண்டுக்குள் கேட்கிற அதே குரல், ஒரு துளியும் தணியவில்லை.

"பொண்ணுக்கு பீரியட்ஸ். நாலு வருஷமா முதல் நாள் துடிச்சுப் போறா. நாளைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன், வேலைக்கு லீவு. இனிமே அந்த ஜீரண மருந்தை வாங்கிட்டு வராதீங்க. வெந்நீர் வைக்கணும், அடுப்புப் பக்கம் கொஞ்சம் வழி விடுங்க."

சித்தப்பா சட்டென்று வெளியே பார்த்தார்.  அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். பிறகு அதை அலமாரியில் வைத்துவிட்டு, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்க அவரே நடைக்கோடிக்குப் போனார்.